கருவி செய்தவனும் கை செய்தவனும்

கொலைக்கருவியைச் செய்தவன் கொலையில் பங்காளியா?

கேள்வி பழையது. பட்டிமன்ற மேடையில் ஏற்றிவைத்து, இரு பக்கமும் முழங்கி, கைத்தட்டல் பெற்று, கழுத்து மாலையோடு வீடு திரும்புவதற்கு ஏற்ற கேள்விதான். ஆனால் நெல்லைச் சீமையிலே, அதிலும் வள்ளியூர் வட்டாரத்திலே வாழ்வோருக்கு இது மேடைக் கேள்வி அன்று. வீட்டு வாசலில் வந்து நிற்கும் கேள்வி.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் தமிழகக் காவல்துறை மாநிலமெங்கும் ஆயுத வேட்டை ஒன்று நடத்திற்று. பழிக்குப் பழி என்று நடந்துவந்த கொலைகளே அதற்குக் காரணம். கத்திகளும் அரிவாள்களும் குவியல் குவியலாகக் கைப்பற்றப்பட்டன. அத்துடன் கொல்லுப்பட்டறைக்காரர்களுக்கும் ஓர் அறிவுரை பிறந்தது. அரிவாள் வாங்க வருவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவர்க்கு விற்கலாகாது. பட்டறையில் கண்காணிப்புக் காமிரா பொருத்த வேண்டும்!

பனையேறிக்குப் பாளை அரிவாள். வயலுக்குக் கதிர் அரிவாள். உடைமுள் வெட்ட வெட்டரிவாள். மூன்றும் ஒரே உலையில் பிறந்தவை. ஒரே சம்மட்டியிடம் அடிபட்டவை. இவற்றுள் எது பயிரை அறுக்கும், எது உயிரை அறுக்கும் என்று உலைக்குத் தெரியுமா? கொல்லருக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையா? முறையன்று எனில், தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது?

விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. ஆயுதம் எங்கே பட்டறையை விட்டுத் தொழிற்சாலைக்குக் குடிபுகுந்ததோ, கருவி செய்யும் கலை எங்கே உச்சிக்கு ஏறிற்றோ, அங்கே சென்று பார்த்தால்தான் கேள்வியின் முழு உருவம் தெரியும். எனவே தோழர்களை அமெரிக்க நாட்டுக்கு அழைக்கிறோம்.

ஆண்டு 1849. நியூயார்க்கிலே வால்டர் ஹண்ட் என்றோர் அறிவாளி இருந்தார். அந்த ஓராண்டிலேயே இரு பொருள்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்று, நம் தாய்மார்கள் வளையலில் கோத்து வைத்திருக்கிறார்களே, அந்த ஊக்கு! மற்றொன்று, தோட்டாக்களை ஒருமுறை நிரப்பிக்கொண்டால் அடுத்தடுத்துச் சுடவல்ல துப்பாக்கி! ஒரே மூளை, ஒரே ஆண்டு, ஒன்று சேலையைக் காக்க, மற்றொன்று உயிரைப் போக்க.

ஹண்ட்டின் துப்பாக்கி சிக்கல் மிகுந்தது, நடைமுறைக்கு வரவில்லை. அதைப் பலர் திருத்தினர். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்னும் கைவினைஞர் 1860ஆம் ஆண்டு அதற்கு முழு வடிவம் தந்தார். அவருக்குச் சம்பளம் தந்த முதலாளி ஆலிவர் வின்செஸ்டர். அதற்குமுன் சட்டை தைத்து விற்றுப் பொருள் சேர்த்தவர்! 1866இல் அவர் பெயராலேயே நிறுவனம் எழுந்தது. அந்தத் துப்பாக்கியைத்தான் நெம்புகோல் துப்பாக்கி என்கிறோம்.

அதன் வேலைப்பாட்டைச் சற்றே பாருங்கள். விசையைச் சுற்றி, விரல்கள் நுழையும் வளையம்போல ஒரு கைப்பிடி, அதுவே நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால், உள்ளே முழங்கால் மடங்குவது போல் ஓர் இணைப்பு மடங்கும். குழலின் பின்வாயை அடைத்திருந்த தாழ் பின்னே நகரும். நகரும்போதே, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாவை இழுத்து வெளியே எறியும். சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி அடிக்க ஆயத்தமாக நிறுத்தும். குழலுக்கு அடியில் படுத்திருக்கும் நீண்ட குழாயிலிருந்து சுருள்வில் தள்ளிக் கொடுத்த புதுத் தோட்டாவை ஒரு கட்டை தூக்கி நேரே நிறுத்தும். நெம்புகோலை மேலே இழுத்தால், தாழ் முன்னே பாய்ந்து தோட்டாவை உள்ளே திணிக்கும். மடங்கிய முழங்கால் நிமிர்ந்து விறைக்கும். அந்த நிமிர்ச்சியே பூட்டு! திறத்தல், எறிதல், சுத்தியல் ஏற்றல், தூக்கல், திணித்தல், பூட்டல் என்னும் ஆறு வேலைகளும் கையின் ஒரு தள்ளலிலும் ஓர் இழுப்பிலும் முடிந்துவிடுகின்றன.

இதைப் படிக்கும்போது நமக்கு வியப்பு எழுகிறது. எழத்தான் வேண்டும்! மனித அறிவு இரும்பை இப்படிப் பணியவைத்திருப்பதைக் கண்டு வியக்காதவன் பகுத்தறிவாளன் அல்லன். அச்சு எந்திரத்தையும் தையல் எந்திரத்தையும் படைத்த அதே அறிவுதான் இதையும் படைத்தது. ஆனால் வியந்ததோடு நின்றுவிடுபவனும் பகுத்தறிவாளன் அல்லன். அந்த நெம்புகோல் எதைச் சேர்த்தது என்று கணக்கிட்டோம். எதை நீக்கியது என்றும் கணக்கிட வேண்டாமா?

அதற்கு முந்திய துப்பாக்கியை எண்ணிப் பாருங்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் கும்பெனிப் படை ஏந்திய துப்பாக்கி அவ்வகையே. வாய்வழியே மருந்திட வேண்டும், குண்டிட வேண்டும், கம்பியால் இடிக்க வேண்டும், பிறகே சுட வேண்டும். தேர்ந்த படைவீரன்கூட நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் சுட முடிந்தது. ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் கண் எதிரே நிற்பவனைப் பார்க்க முடிந்தது; மனம் ஒரு மூச்சு விட முடிந்தது. அந்த மூச்சில் மனம் மாறியவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் மாறுவதற்கு இடம் இருந்தது! ஹென்றியின் துப்பாக்கியில் குழாய் கொண்டது பதினாறு தோட்டாக்கள். பதினாறு முறை சுடலாம், ஒருமுறைகூட நினைக்காமல்! நெம்புகோல் நீக்கியது அந்த இடைவெளியை. அது மனச்சான்றின் நேரம் என்போம் நாம்.

கருவி பிறந்தது, ஊரெல்லாம் போயிற்று. யாருக்குப் போயிற்று? 1876 சூன் 25இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், தம் மண்ணைக் காக்க எழுந்த செவ்விந்தியர் சிலர் கையில் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தன. எதிரே நின்ற அமெரிக்கக் குதிரைப்படையினர் கையிலோ ஒவ்வொரு தோட்டாவாக இடும் துப்பாக்கி! தளபதி கஸ்டரும் அவரோடு நின்ற 200க்கு மேற்பட்டோரும் மாண்டனர். அடுத்த ஆண்டு, பிளெவ்னா கோட்டையிலே துருக்கிப் படை அதே நியூ ஹேவன் துப்பாக்கியால் உருசியரை வரிசை வரிசையாக வீழ்த்திற்று. தன் மண்ணைக் காத்தவனுக்கும் அது பணிந்தது. பேரரசுக்கும் அது பணிந்தது. காசு கொடுத்தவன் எவனோ அவனுக்கெல்லாம் பணிந்தது. பின்னாளில் வந்த 1894ஆம் ஆண்டு வடிவம் மட்டும் 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. 2006இல்தான் நியூ ஹேவன் ஆலையின் கதவு மூடிற்று.

அந்த 1894ஆம் ஆண்டு வடிவத்தை வகுத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். யூட்டா மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகன். தந்தையின் பட்டறையில் தொழில் பயின்றவர். வின்செஸ்டருக்கு நெம்புகோல் துப்பாக்கிகள் பலவற்றை வகுத்துத் தந்துவிட்டு, பிறகு பெல்ஜியம் நாட்டு ஆலைக்குக் கைத்துப்பாக்கிகள் வகுத்தார். அப்படிப் பிறந்த பெல்ஜியத்துப் பிரவுனிங் கைத்துப்பாக்கி ஒன்று கடல் கடந்து நம் நெல்லைச் சீமைக்கே வந்தது! 1911 சூன் 17இல் மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்டது அதைக் கொண்டுதான். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் அயலாட்சியின் மேல் வெறுப்பும் இருந்தது. சனாதனம் கெடுகிறதே என்ற சினமும் இருந்தது. துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது. கையைச் செய்தது எது? அந்தக் கடிதத்தைப் படித்தவர்க்கு விடை தெரியும். இந்த வேறுபாட்டைத் தோழர்கள் நினைவில் இருத்துக. மீண்டும் இங்கு வருவோம்.

ஆயுதத்தால் செல்வம் சேர்த்தோரும் புகழ் சேர்த்தோரும் தம் நெஞ்சுக்கு என்ன விடை சொன்னார்கள்? இருவகை விடைகளை உலகம் கண்டிருக்கிறது. ஒன்று பேய், மற்றொன்று கடவுள்!

வின்செஸ்டரின் மருமகள் சாரா, கணவரை 1881இல் இழந்தார். பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. கலிபோர்னியா மாநிலத்து சான் ஓசேயில் வீடு ஒன்றை வாங்கி, 1922இல் இறக்கும்வரை விரித்து விரித்துக் கட்டினார். கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டு, திறந்தால் சுவர் தெரியும் கதவு, ஏறத்தாழ 160 அறைகள்! துப்பாக்கியால் மாண்டோரின் ஆவிகளை ஏய்க்கவே அப்படிக் கட்டினார் என்று கதை கட்டினார்கள். இன்றும் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டைக் காட்டுகிறார்கள். ஆவிக்கு அஞ்சினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று ஏதும் இல்லை என்பர், அவர் வாழ்க்கையை ஆய்ந்தோர். நமக்கு வேண்டியது அந்த அம்மையாரின் மனநிலை அன்று, ஊராரின் மனநிலை. மாண்டவர்களுக்காக ஒரு கேள்வி கேட்க வேண்டிய ஊர், கேள்வியைப் பேயிடம் ஒப்படைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிற்றே, அதுதான் நம் வருத்தம்!

இன்னொருவர் மிகயீல் கலாஷ்னிகோவ்; உலகில் மிகுதியாகப் பரவிய போர்த்துப்பாக்கியை வகுத்தவர். 2013 டிசம்பரில் 94 வயதில் மறைந்தார். தம் இறுதிக் காலத்தில் உருசியத் திருச்சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 2014 சனவரியில் அது வெளிவந்தது. தம் துப்பாக்கி உயிர்களைப் பறித்ததே, அம்மரணங்களுக்குத் தாமும் குற்றவாளியோ என்று தாங்க முடியாத மனவேதனையோடு கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி! திருச்சபையின் நிலை என்ன? தாய்நாட்டைக் காக்க ஆயுதம் பயன்பட்டால், அதைப் படைத்தவரையும் ஏந்தியவரையும் சபை ஆதரிக்கும் என்பதே. கேட்டவர் மாண்டோரைப் பற்றிக் கேட்டார். விடை நாட்டைப் பற்றி வந்தது.

நம் நாட்டிலோ இந்த வேதனைக்கே இடம் வைக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசை! அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. கருவியைக் கும்பிட்டாகிவிட்டது, இனி அது எவன் கையில் போய் என்ன செய்தால் என்ன? கருவியைத் தெய்வமாக்கியவன் கருவியைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டான். அதைப் படைத்த உழைப்பாளியைப் பற்றியும் கேட்கமாட்டான்.

பேய் வேண்டாம், பாவமன்னிப்பு வேண்டாம், பொட்டு வேண்டாம். அறிவைக் கொண்டே அளப்போம்.

நியூ ஹேவன் போன்ற ஆலைகளிலே ஒருவனே முழுத் துப்பாக்கியைச் செய்யவில்லை. ஒருவன் எஃகுத் தண்டைத் துளைத்துக் குழலாக்குவான். ஒருவன் அதன் உள்ளே சுழல்புரி வெட்டுவான். ஒருவன் சுருள்வில் சுற்றுவான். ஒருவன் திருகாணி கடைவான். ஒவ்வோர் உறுப்பும் அளவுக்கட்டையில் சோதிக்கப்படும். எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும். கடைசி மேசையில் எல்லாம் கூடும். ஆயுதம் எழுந்து நிற்கும். இப்போது கேளுங்கள், யார் செய்தது? "நான் திருகாணி கடைந்தேன், அவ்வளவே" என்பான் ஒருவன். "நான் மரக்கட்டை இழைத்தேன்" என்பான் மற்றொருவன். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. எல்லாம் சேர்ந்தால் பொய்! பொறுப்பைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டால் அது காணாமற் போய்விடும் என்று மனிதன் கண்டுகொண்டது அங்கேதான்.

அந்தத் துண்டுகளை மீண்டும் ஒன்று கூட்ட மூன்று அளவுகோல்கள் போதும் என்பது நம் கருத்து. முதலாவது, அறிவு: தான் செய்வது எங்கே போகும் என்று அவனுக்கு எவ்வளவு தெரியும்? இரண்டாவது, ஆற்றல்: மறுக்க அவனால் முடியுமா? மூன்றாவது, ஆதாயம்: விளைவின் பலன் யார் பைக்குப் போகிறது? மூன்றும் மிகும் அளவுக்குப் பொறுப்பும் மிகும். மூன்றும் குறையும் அளவுக்குக் குறையும். திருகாணி கடைந்தவனுக்குத் தெரிந்தது கொஞ்சம். மறுத்தால் அடுப்பு எரியாது. பலன் அன்றைய கூலி. வாங்குவோன் யார் என்று ஏட்டில் எழுதி, விலை பேசி, கப்பலேற்றிய முதலாளிக்கு மூன்றும் உண்டு.

மறுக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. ஊக்கும் துப்பாக்கியும் படைத்தாரே ஹண்ட், அவர் அதற்கு முன்பே தையல் எந்திரம் ஒன்றும் படைத்திருந்தார். கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் பிழைப்பு போய்விடுமே என்று அதற்குக் காப்புரிமை கேட்காமல் விட்டுவிட்டார் என்று கூறுவர். இது உண்மையெனில் எவ்வளவு பெரிய பாடம்! படைப்பாளி நின்று நினைக்கலாம், நினைத்து நிறுத்தலாம். ஆனால் ஊசிக்கு நின்று நினைத்தவர், துப்பாக்கிக்கு நினைத்தாரா? அருகில் இருக்கும் தையற்காரியின் முகம் தெரிகிறது. தொலைவில் விழப்போகிறவனின் முகம் தெரிவதில்லை. அந்த முகத்தை நினைவூட்டுவதே அறநெறியின் வேலை.

இனி ஊர் திரும்புவோம்.

2023 ஆகஸ்டு 9. வள்ளியூர்ப் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆதிதிராவிட மாணவர் ஒருவர். உடன் படித்தவர்கள் சாதி சொல்லித் துன்புறுத்தியதால் பள்ளிக்குச் செல்லவே தயங்கினார். ஆசிரியரிடம் முறையீடு சென்றது. பிறகு, இரவு நேரத்தில், நாங்குநேரியில் உள்ள வீட்டுக்குள்ளேயே அரிவாளோடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். காவல்துறை கைது செய்தது யாரை? பள்ளிச் சிறுவர்களை! வெட்டுப்பட்ட அந்த மாணவர் பிழைத்தெழுந்து, அடுத்த ஆண்டே தேர்வெழுதித் தேறினார். அது அவர் பெருமை. நம் வெட்கம் அதனால் குறைந்துவிடவில்லை.

அந்த அரிவாளை அடித்தது யாரோ ஒரு கொல்லர். அவரைத் தேடுவது எளிது. ஏட்டைப் புரட்டினால் கிடைத்துவிடுவார். பதினேழு வயதுக் கை ஒன்று, நேற்று பலகையில் பக்கத்தில் அமர்ந்தவனை இன்று வெட்ட ஓங்குகிறதே, அந்தக் கையை அடித்த பட்டறை எது? அதன் ஏடு எங்கே?

அந்தப் பட்டறையும் நியூ ஹேவன் ஆலைபோலத்தான் நடக்கிறது, தோழர்களே! வீட்டிலே ஒருவர், "அவனோடு சேராதே" என்கிறார். அது ஒரு திருகாணி. ஊர்த் திருவிழாவிலே ஒருவர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுகிறார். அது ஒரு சுருள்வில். சுவரொட்டியிலே ஒருவர் "ஆண்ட பரம்பரை" என்று அச்சடிக்கிறார், அது மருந்து. பள்ளியிலே ஒருவர் கண்டும் காணாமல் போகிறார், அது பூட்டு. உறுப்பெல்லாம் அளவு பிசகாமல் பொருந்துகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சோதித்த அளவுக்கட்டைகள் அல்லவா! கடைசி மேசையில் கை எழுந்து நிற்கிறது. கேட்டால், "நான் கயிறுதான் கட்டினேன்" என்பார் ஒருவர். "நான் சுவரொட்டிதான் ஒட்டினேன்" என்பார் இன்னொருவர். திருகாணி கடைந்தவன் குரல் கேட்கிறதா?

நெம்புகோல் எதைப் பறித்ததோ, அதையே சாதியும் பறிக்கிறது: நினைப்பதற்குரிய அந்த ஒரு மூச்சு. எதிரே நிற்பவன் யார், என்ன செய்தான் என்று எண்ணும் நேரத்தை அது தருவதில்லை. விடையைப் பிறப்பிலேயே நிரப்பி வைத்துவிடுகிறது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி!

நம் அளவுகோல்களை வைத்துப் பார்ப்போம். கயிறு கட்டுகிறவருக்கு அது எதற்கென்று தெரியும். கட்டாமல் விட்டால் அவர் அடுப்பு அணையாது, ஆற்றல் உண்டு. சிறுவர்களை அணி திரட்டினால் வாக்கு வரும், வட்டாரத்தில் செல்வாக்கு வரும், ஆதாயமும் உண்டு. மூன்றும் நிறைந்தவரை விட்டுவிட்டு, மூன்றும் குறைந்த கொல்லரிடம் மட்டும் ஏடு கேட்பது எந்த நீதி?

கொல்லருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. முன்பின் தெரியாதவன் இருட்டிய பிறகு வந்து, பயிருக்கும் பனைக்கும் ஆகாத நீண்ட அரிவாள் கேட்டால், எதற்கென்று கேட்கும் கடமை அவருக்கும் உண்டு. மறுக்கும் உரிமையும் உண்டு. அந்த அளவில் ஏடு நல்லதே. ஓங்கிய சிறுவர்கள் குற்றமற்றவர்கள் என்றும் கூறவில்லை, கை அவர்களுடையதே. ஆனால் ஏடு பட்டறையோடு நின்றுவிடலாகாது என்கிறோம். அந்தக் கொடுமைக்குப்பின் அரசு அமைத்த நீதிநாயகம் கே. சந்துரு குழு, 2024 சூன் திங்களில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவை பள்ளிக்குள் வரலாகாது என்றது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றது. கயிற்றையும் ஓர் ஆயுத உறுப்பாகக் கண்ட அறிக்கை அது. எதிர்ப்புக் குரல்களும் உடனே எழுந்தன. கொல்லரிடம் ஏடு கேட்டபோது எழாத குரல்கள்!

இரும்பின்மீது நமக்குப் பகை இல்லை. பொருநைக் கரையின் சிவகளையில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு வழங்கிற்று என்று தமிழக அரசு 2025 சனவரியில் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு வாளும் வேலும் கிடைத்தன, உழவுக்கருவிகளும் கிடைத்தன. இன்று வள்ளியூருக்கு மேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் விண்கலப் பொறிகளை எரித்துச் சோதிக்கிறார்கள். அன்று உலை ஊதிய அறிவின் வளர்ச்சியே அது. கருவி செய்யும் கலை வளரட்டும், வளர வேண்டும். கை செய்யும் பட்டறைதான் மூடப்பட வேண்டும்!

அதை மூட அரசாணை மட்டும் போதாது. அந்தப் பட்டறையின் ஒரு மேசை நம் வீட்டிலேயே கிடக்கிறது. இளைஞனே, உன் மணிக்கட்டைப் பார். கயிறு இருந்தால், யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்று கேள். கேட்டுவிட்டு அவிழ். உன் தம்பியின் கையையும் பார். கொல்லரிடம் அரசு கேட்ட கேள்வியை, இன்றிரவு உன் வீட்டுக் கூடத்தில் நீ கேள்: "இது யாருக்காகச் செய்யப்படுகிறது?"

கேட்கும் அந்த ஒரு மூச்சுதான், நெம்புகோலும் சாதியும் மனிதனிடமிருந்து பறித்த நேரம். அதை மீட்டவன் கை, ஓங்காது.